முதலில் நீ போ

அடியே கோபக்காரி,

நேற்று, எல்லாக் காரும் நின்றுதான் போக வேண்டிய மேப்பிள் தெரு முனையில் காரை நிறுத்தி, 'நீ போ' என்று எனக்கு வழிவிட்டுக் கையை ஆட்டினாயே, ஆள் தெரிந்துதான் ஆட்டினாயா? இல்லை, இந்த ஊரில் எல்லாருக்கும் ஆட்டுகிற மாதிரியா? காலையிலிருந்து மூன்று தடவை காபி போட்டுக் குடிக்காமலே கொட்டிவிட்டேன்.

நீ ஆட்ட, நானும் ஆட்ட, இரண்டு பேரும் நகரவில்லை. எனக்குப் பின்னால் நின்ற பிளம்பர் வெண்டெல் ஜன்னலைத் திறந்து கத்தினான்: "ரெண்டு பேரும் அங்கயே குடித்தனம் பண்ணப் போறீங்களா? யாராச்சும் ஒருத்தர் போய்த் தொலைங்கம்மா!" உடனே இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பி, ஒன்றாகவே பிரேக் போட்டோம். நீ சிரித்தாயா? உன் கார்க் கண்ணாடியில் வெயில் அடித்ததால் தெரியவில்லை.

நம் ஊர் தனி நகராட்சியாகி எண்பது வருஷமாம். நூலகத்தில் பழைய படங்களை மாட்டுகிறார்கள். பக்கத்துப் பெருநகரத்தோடு சேர்வதா என்று ஓட்டெடுப்பு நடந்த வருஷத்துக்கு மட்டும் படமே இல்லை. அப்போது உன் வீட்டுப் புல்வெளியில் ஓட்டுக் கேட்கும் 'சேரலாம்' பலகை, என் வீட்டில் 'வேண்டாம்'. ஒருநாள் காலையில் உன் பலகையைக் காணோம்.

"நீதானே பிடுங்கினே?" என்று கேட்டாய்.

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்றேன். அதோடு பேச்சு நின்றது.

எனக்கு வேறு வேலை இருக்கவில்லை. பலகை என் கராஜில், புல்வெட்டும் மெஷினுக்குப் பின்னால் இருக்கிறது.

வியாழக்கிழமை அதே நேரம் அதே முனைக்கு வருவேன். பின் சீட்டில் பலகை இருக்கும். தயவுசெய்து கையை மட்டும் ஆட்டாதே. முதலில் நீ போ. உன் வீடு வரைக்கும் பின்னாலேயே வருகிறேன்.

இப்படிக்கு,
எதிரே நின்றவள்