முனியாண்டிக்கு முழுச் சுருட்டு

ஆகஸ்டு 9, 1943. திங்கள்.

ஜப்பான்காரன் வருடத்தை 2603 என்று எழுதச் சொல்கிறான். இந்த நோட்டு என்னுடையது. இதில் 1943தான்.

காலையில் வாசலில் மறுபடியும் ஒரு கட்டு விறகு. யார் கொண்டுவந்து போடுகிறார்கள் என்று தெரியவில்லை. டிரைவர் முருகையாவாகத்தான் இருக்கும் என்கிறாள் மருமகள் இராசாத்தி. மரவள்ளிக் கிழங்கு வெந்தது. பேத்தி சோறு கேட்டு அழுதுவிட்டுக் கிழங்கைத் தின்றாள்.

பதினோரு மணிக்குத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சீனிவாசகம் வந்தான். ஜப்பான்காரன் போடுகிற சயாம் ரயில் ரோட்டு வேலைக்கு என் மகன் பரஞ்சோதியைப் பிடித்துக்கொண்டு போய் நாலு மாதம். இந்த நாலு மாதத்தில் இந்தப் படி ஏறாதவன்.

“சார், லோரி விக்குது சார். மேட்டுல மூச்சு வாங்குது. மெக்கானிக்னு சொல்ல இந்தப் பக்கம் ஒருத்தன் இல்ல. எல்லாம் சயாம் போய்ட்டானுங்க.”

போய்விட்டார்களாம்.

“பரஞ்சோதிகூட இருந்து நீங்கதான் சார் வேலை பார்த்திருக்கீங்க. உங்கள விட்டா யாரு லா?”

என் மகன் பெயரைச் சொன்னான். நாக்குக் கூசவில்லை. பார்க்கிறேன் என்றேன். அவன் போன பிறகு இராசாத்தி என்னோடு பேசவில்லை.

ஆகஸ்டு 10.

ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன். மறக்கப்போவதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

ஏப்ரலில் இருபது பேரைக் கேட்டு உத்தரவு வந்தது. பெயர் எழுதினவன் கிராணி. பன்னிரண்டாவது பெயர் மணியம், அவன் பெண்டாட்டியின் தம்பி. ஆள் மேய்க்கும் தண்டல் என் காதில் சொன்னான். மறுநாள் ஸ்டோர் கதவில் ஒட்டின பட்டியலில் பன்னிரண்டாவது பெயர் பரஞ்சோதி.

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். அந்த இடத்தில் காகிதம் மெலிந்திருந்தது. பிளேடால் சுரண்டி, நகத்தால் தேய்த்து, அதன்மேல் எழுதியிருந்தான். நகத்தால் தேய்க்காவிட்டால் மை பரவிவிடும். அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருடம் என்னிடம் படித்தான். ரொம்பச் சுத்தமாகச் செய்திருந்தான். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆகஸ்டு 11.

லோரியைப் பார்த்தேன். போருக்கு முன்பு சீனத் தவுக்கே முதலாளி ஒருவனிடம் தோட்டம் வாங்கியது. அப்போதே பழையது. பரஞ்சோதி மூன்று வருடம் ஓட்டினான். நான் பென்ஷன் ஆன பிறகு மாலையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் சொல்வதை ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதிக்கொள்வேன். “என்னப்பா, பரீட்சை எழுதப் போறீங்களா?” என்று சிரிப்பான். அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

முருகையா கைப்பிடி போட்டுச் சுற்றினான். எஞ்சின் பிடித்தது, ஆனால் நொண்டியது.

நாலு சிலிண்டரில் எது வேலை செய்யவில்லை? வகுப்பில் நாலு பிள்ளைகள் சேர்ந்து வாய்ப்பாடு சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள். ஒருவன் வாயை மட்டும் அசைக்கிறான். அவனை எப்படிப் பிடிப்பது? ஒவ்வொருவராக ‘நீ நிறுத்து’ என்று சொல்லவேண்டும். யார் நிறுத்தினால் சத்தம் குறையவில்லையோ, அவன்தான். பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். ஒன்று, சத்தம் இறங்கியது. இரண்டு, இறங்கியது. மூன்று, அப்படியே ஓடியது. நான்கு, இறங்கியது.

மூன்றாவது பையன்.

ஆகஸ்டு 12.

மூன்றின் பிளக்கை ஒன்றிலும் ஒன்றின் பிளக்கை மூன்றிலும் மாற்றிப் போட்டேன். பலகையைக் குற்றம் சொல்வதற்கு முன் பையனை இடம் மாற்றிப் பார்க்கவேண்டும் அல்லவா? கோளாறு மூன்றிலேயே இருந்தது. பிளக் நல்லது. பொறியும் நல்லது. முருகையாவை மெதுவாகக் கைப்பிடி சுற்றச் சொன்னேன். மூன்று தடவை கை எதிர்ப்பு உணர்ந்தது, ஒரு தடவை வழுக்கிக்கொண்டு போனது. அங்கே காற்று அடங்கவில்லை. பக்கத்து மூடியைத் திறந்தேன். மூன்றின் வால்வு மேலே போனது, கீழே இறங்கவில்லை.

தண்டில் தேன்போலப் பிசின். பெட்ரோல் ஏது இப்போது? ரப்பரைக் காய்ச்சி இறக்கின எண்ணெயில்தான் எல்லா லோரியும் ஓடுகிறது. சூடாக இருக்கும்வரை பிசின் இளகிக் கிடக்கும். எஞ்சின் ஆறினால் இறுகிப் பிடிக்கும். நிறுத்துவதற்கு முன் இரண்டு நிமிடம் பெட்ரோலில் ஓடவிட்டால் கழுவிவிடும். பரஞ்சோதி அப்படித்தான் செய்வான், புத்தகத்தில் இருக்கிறது.

முருகையாவைக் கேட்டேன். “கிராணி வுட மாட்டாங்க சார். பெட்ரோல் போத்தல பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாங்க. காலையில ஸ்டார்ட் பண்ண ஒரு மூடி ஊத்துறதோட சரி.”

ஆகஸ்டு 13.

லோரியின் பலகை இடுக்கில் அரிசி. பத்துப் பன்னிரண்டு மணி. நகத்தால் நோண்டி எடுத்துப் பார்த்தேன், நல்ல வெள்ளை அரிசி.

முருகையாவிடம் காட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். “பாலிங் டவுனுக்கு ரப்பர் ஷீட்டுனு சொல்லித்தான் போறோம். ஷீட்டுக்கு அடியில கறுப்புல விக்க அரிசி சார். லயத்து சனத்தோட பங்கு. நான் என்ன பண்ண, சயாமுக்கு என் பேரையும் எழுதிருவேன்றாரு கிராணி.”

“வழியில் சோதனை இல்லையா?”

“நடுமேட்டுல காவல் கொட்டாய் இருக்கே. பாஸ் இருக்கு, கொடி இருக்கு. சிப்பாய் கையாட்டுவான், போய்க்கிட்டே இருப்போம்.”

“அங்கே நின்றுவிட்டால்?”

“வாயக் கழுவுங்க சார்!”

என் பேத்தி கிழங்கு தின்கிறாள்.

ஆகஸ்டு 14.

தூங்கவில்லை. இரக்கப்பட்டு இல்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மேட்டுக்கு அடியில் முனியாண்டி கோயில். எந்தத் தமிழ் டிரைவரும் அங்கே நிறுத்தாமல் ஏறமாட்டான். எஞ்சினை அணைத்து, மூடியைத் திறந்து வைத்து, கற்பூரம் காட்டி, ஒரு சுருட்டைப் பற்றவைத்துக் கல்மேல் வைப்பார்கள். முனியாண்டி அதைக் குடித்து முடிக்கும்வரை வண்டியைத் தொடக்கூடாது. பாதியில் எடுத்தால் மேட்டில் பின்னாலிருந்து இழுப்பாராம். சீனிவாசகம் எதில் தவறினாலும் இதில் தவறமாட்டான், பயந்தவன்.

ஒரு சுருட்டு எரியும் நேரம். அந்த நேரத்தில் இரண்டு வால்வுகள் இறுகவேண்டும். ஒன்று போதாது, மூன்று சிலிண்டரில் ஏறிவிடுவான். இரண்டு போனால் சமத்தரையில் நகரும். மேட்டில், பாரத்தோடு, நின்றுவிடும். எங்கே? கொட்டாய்க்கு எதிரில்.

பொறுமை எனக்குப் பழக்கம். முப்பத்தொரு வருடம் ‘அ’ எழுதிக்கொடுத்தவன்.

ஆகஸ்டு 17.

ஒன்று, நான்கு வால்வுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கண்ணாடிபோலத் துடைத்தேன். இரண்டிலும் மூன்றிலும் எண்ணெய் டின்னின் அடி மண்டியைத் தடவினேன். விரலால், மெதுவாக. குழந்தைக்கு மருந்து தடவுவதுபோல்.

ஆகஸ்டு 20.

சோதனை. எஞ்சினை அரை மணி ஓடவிட்டு அணைத்தேன். நேரம் பார்க்க என்னிடம் கடிகாரம் உண்டு. ஆனால் முனியாண்டியின் கடிகாரம் சுருட்டு. ஆகவே வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சுருட்டைப் பற்றவைத்தேன். நாலு இழுப்பில் தலை சுற்றியது. மிச்சத்தைக் கல்லில் வைத்துக் காத்திருந்தேன். முப்பத்தைந்து நிமிடம். முருகையாவைச் சுற்றச் சொன்னேன். இரண்டும் மூன்றும் பிடித்திருந்தன.

இராசாத்தி முகர்ந்து பார்த்து, “என்ன மாமா இது புதுப் பழக்கம்?” என்றாள். நாலு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்த்தேன்.

சூடாக்கி மறுபடி ஓடவிட்டபோது நாலும் சீராகச் சொல்லின. சீனிவாசகம் வந்து கேட்டான். “என்னமா ஓடுது சார்! கும்பிடணும் உங்க கைய.” கும்பிட்டான். கும்பிடட்டும்.

ஆகஸ்டு 28. சனி.

கிராணியும் முருகையாவும் பாலிங்குக்குப் போனார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பினார்கள்.

திரும்பினார்கள்!

ஆகஸ்டு 29.

முருகையாவிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன். கோயிலில் நிறுத்தினீர்களா? நிறுத்தினோம். சுருட்டு?

“அத ஏன் கேக்குறீங்க. சுருட்டு கெடைக்கலனு கிராணி ஒண்ணக் கத்தியால ரெண்டா வெட்டி, பாதிய சாமிக்கு வெச்சாரு. மிச்சத்தக் காதுல சொருகிக்கிட்டாரு. மேட்டுல கொஞ்சம் விக்கிச்சு, அப்பறம் ஏறிருச்சு.”

பாதிச் சுருட்டு! ஊரார் அரிசியில் கைவைத்தவன் சாமி சுருட்டிலா முழுசு வைப்பான்? இதை நான் யோசித்திருக்கவேண்டும். பரீட்சை வைக்கிறவன் பிள்ளையின் குணத்தை அறிந்து கேள்வி எழுதவேண்டும்.

இன்னொன்றும் உறைத்தது. கொட்டாய் எதிரில் நின்றிருந்தால் முருகையாவும் அல்லவா இறங்கியிருப்பான்? நாலு பிள்ளைகள் அவனுக்கு. தெரிந்தேதான் அனுப்பினேன். அதை யோசிக்காமல் இருந்தது மறதியில்லை. வேண்டுமென்றே யோசிக்கவில்லை.

செப்டம்பர் 3.

கரங்கான் கடைத்தெருவில் ஒரு கடைக்காரரிடம் என் நல்ல வேட்டியைக் கொடுத்துச் சுருட்டு வாங்கினேன். மூன்று. நீளமானவை, கெட்டியாகச் சுற்றினவை. மெதுவாக எரியும்.

செப்டம்பர் 8.

முருகையாவிடம் சொன்னேன்: சனிக்கிழமை உனக்குக் காலில் ஆணி குத்தியிருக்கிறது.

“எங்க சார் குத்துச்சு?”

“குத்தும்.”

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில், “சரி சார், எந்தக் காலுல?” என்றான்.

அவன் இல்லாவிட்டால் மணியம் ஓட்டுவான். அவன் புதியவன், முருகையாவாக இருந்தால் நொண்டுகிற சத்தத்தைக் கேட்டதும் கோயிலடியிலேயே நிறுத்திவிடுவான். மணியத்துக்குக் காது பழகவில்லை.

மணியம். பன்னிரண்டாவது பெயர். என் மகன் நிற்கவேண்டாத இடத்தில் நிற்கிறான். இவன் மச்சான் நிழலில் நிற்கிறான். அவனும் போகட்டும்.

செப்டம்பர் 11. சனி.

காலையில் வாசலில் விறகு. ஏழு மணிக்கு லோரிக் கொட்டகைக்குப் போனேன். மணியம் கைப்பிடி சுற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு தலையைக் குனிந்தான். நான் அவனோடு பேசவில்லை.

கிராணியிடம் சுருட்டுகளை நீட்டினேன்.

“என்ன சார் இது?”

“மகன் நல்லபடி திரும்பவேண்டும் என்று முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டேன். என் பேரில் வைத்துவிடு. வெட்டாமல் வை.”

அவன் கண் கலங்கியது. பார்த்தேன். கலங்கத்தான் செய்தது. “வெட்டுவனா சார்? முழுசா வெக்கிறேன். பரஞ்சோதி வந்துருவான் சார்.”

இத்தனை நாளும் எங்கே வைத்திருந்தான் அந்தக் கண்ணீரை?

சாயங்காலம் ஐந்து மணி ஆயிற்று. ஆறு. ஏழு. வரவில்லை.

செப்டம்பர் 12.

தோட்டம் முழுக்க அதே பேச்சு. நடுமேட்டில் லோரி நின்றது. சிப்பாய்கள் முதலில் சிரித்துக்கொண்டு தள்ள வந்தார்களாம். ஒருவன் பின்னால் ஏறி நின்று தள்ளச் சொன்னபோது ஷீட்டு சரிந்தது. அடியில் மூட்டை.

இரண்டு பேரையும் வெயிலில் சூரியனைப் பார்த்து முட்டிபோட வைத்திருக்கிறார்கள்.

இன்று கிழங்கு ருசியாக இருந்தது.

செப்டம்பர் 14.

அரிசி எங்களுக்கு வரவில்லை. சிப்பாய்கள் எடுத்துக்கொண்டார்கள்.

செப்டம்பர் 16.

லோரியைக் கட்டி இழுத்து வந்தார்கள். ஜப்பான் அதிகாரி ஒருவன் வந்து என்னை நிற்கவைத்துக் கேட்டான். ரப்பர் எண்ணெயில் ஓடினால் வால்வு ஒட்டும், எல்லா லோரியும் இப்படித்தான் என்று காட்டினேன். பொய்யில்லை. சனிக்கிழமைக்குள் சரியாகவேண்டும் என்றான். எதற்கு என்று கேட்கவில்லை.

வாசலில் விறகு இல்லை. போன சனிக்கிழமைக்குப் பிறகு வரவில்லை என்கிறாள் இராசாத்தி. முருகையா ‘காலில் ஆணி’ என்று இன்னும் நடிக்கிறான் போல.

செப்டம்பர் 18. சனி.

நாலு வால்வையும் துடைத்தேன். நிறுத்துமுன் கழுவ பெட்ரோல் போத்தலும் கேட்டு வாங்கிக்கொண்டேன். கிராணி பீரோ இப்போது திறந்து கிடக்கிறது. எஞ்சின் ஒரு பிசகில்லாமல் ஓடியது.

சயாமுக்குப் போகிறவர்களைச் சுங்கைப் பட்டாணி ஸ்டேஷனுக்கு ஏற்றிக்கொண்டு போகத்தான். முப்பது பேர். சீனிவாசகமும் மணியமும் அதில். சீனிவாசகத்தின் முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்து, “சார், சுருட்ட முழுசாத்தான் வெச்சேன்” என்றான். அவனுக்கு இன்னும் புரியவில்லை. மணியம் என்னைப் பார்க்கவில்லை.

என் கையால் சரிசெய்த லோரி அது. மேடெல்லாம் விக்காமல் ஏறும்.

செப்டம்பர் 20.

முருகையாவிடம் சொன்னேன்: கால் ஆறிவிட்டதல்லவா, விறகை மறந்துவிட்டாயா என்று. சும்மா கேலியாகத்தான்.

அவன் விழித்தான். “நான் எங்க சார் வெறகு போட்டேன்? மணியமில்ல போட்டுக்கிட்டு இருந்தான். ஒங்களுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது.

“பேர மாத்துனது அவனுக்கே சயாம் ஆளுங்கள ஏத்திக்கிட்டு லோரி போனப்பறந்தான் தெரியும். தெரிஞ்சு மச்சான்கூட மல்லுக்கு நின்னான். என்னைய அனுப்பு, பரஞ்சோதிய வரச் சொல்லுன்னு. அது நடக்குற காரியமா லா? அன்னையிலேருந்து விடியறதுக்கு முந்தி வெட்டிக்கிட்டு வந்து போடுவான். ‘வாத்தியாருகிட்ட சொல்லிறாதீங்கண்ணே, எடுத்து எறிஞ்சிருவாரு’ன்னான்.”

எறிந்திருப்பேன். உண்மைதான்.

யார் நிறுத்தினால் சத்தம் குறைகிறது என்று பார்க்கவேண்டும் — இதை இந்த நோட்டிலேயே நான்தான் எழுதியிருக்கிறேன். விறகு எந்தச் சனிக்கிழமை நின்றது என்பதையும்.

செப்டம்பர் 21.

சீனிவாசகத்தை நினைத்து எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நாளைக்கே மறுபடி வந்து நின்றாலும் சுருட்டு வாங்கிக் கொடுப்பேன். மனம் இளகிவிட்டது என்று பின்னால் யாரும், நானே கூட, நினைத்துக்கொள்ளக் கூடாது. அதனால் எழுதி வைக்கிறேன்.

மற்றவனைப் பற்றி எழுத வரவில்லை.

செப்டம்பர் 22. புதன்.

விடியுமுன் எழுந்து பால்மரக் காட்டு ஓரத்தில் காய்ந்த கிளை வெட்டினேன். பழக்கமில்லை, உள்ளங்கையில் கொப்புளம். இரண்டு கட்டு. ஒன்றை நம் வாசலில் போட்டேன். இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு கடைசி லயத்துக்குப் போய், மணியத்தின் அம்மா பிச்சையம்மாள் வாசலில் வைத்தேன். உள்ளே இருமல் சத்தம் கேட்டது. “யாரது?” என்றாள்.

பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.