மெஷின் கயிற்றில் என் முடிச்சு

என் கண்ணான நாத்தனார் பிலோமிக்கு,

நீ போய் முப்பதாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. சாமியார் உன் பெயரைச் சரியாகத்தான் வாசித்தார். பாட்டுக்காரர்கள்தான் சுருதி இல்லாமல் இழுத்தார்கள். நீ இருந்திருந்தால் முழங்கையால் என்னை இடித்திருப்பாய். எனக்கு அழுகை வந்தது. அன்று மத்தியானம் வரைக்கும்தான் வந்தது.

பூசைக்குப் பிறகு பொம்மனஹள்ளியில் உன் மகன் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். கை கழுவப் பின்பக்கம் போனேன். நீ வைத்த தக்காளிச் செடியை ஒரு குச்சியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. மஞ்சள் கயிறு. குனிந்து பார்த்தேன். முனையில் என் முடிச்சு.

ஒரு சுற்று அதிகம் விட்டு, வாலைத் திருப்பி உள்ளே சொருகுகிற முடிச்சு. கார்மென்ட்ஸில் நூல் வெட்டுகிற மேசையில் நானாகப் பழகிக்கொண்டது. அது தெரிந்த இன்னொரு ஆள் நீ மட்டும்தான்.

அதற்குப் பிறகு கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. கொசுவலையின் மூலைக்கு மூலை என் கயிறு. கேஸ் லைட்டர் ஆணியில் தொங்குவது என் கயிற்றில். அரிசி மூட்டையின் வாயைக் கட்டியிருப்பதும் அதுதான். உன் மருமகள் ஷீலா பாயசக் கரண்டியோடு நின்றிருந்தாள். அவளைப் பிடித்துக் கேட்டேன்.

"இதெல்லாம் யோ-யோ விளையாடுற பசங்களுக்குக் குடுத்தனுப்பினதாச்சே. இங்க எப்படி வந்துச்சு?"

"அத்தை சொல்லக்கூடாதுன்னாங்க பெரியம்மா."

"செத்தவ சொன்னதக் காப்பாத்துவே, உயிரோட நிக்கறவ கேட்டா வாயத் தொறக்கமாட்டே. அப்படித்தானே?"

"ஐயோ, அப்படியில்ல. அத்தைதான் உங்க கயிறு வேணாம்னுட்டாங்க பெரியம்மா. ரெண்டு வருசமாச்சு."

பாயசம் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நடந்தது உனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி நம்மில் ஒருத்தியாவது சொல்ல வேண்டாமா? லிங்கராஜபுரத்து வீட்டு மாடியில் நாம் இரண்டு பேரும் பாவாடைக்கு நாடா முறுக்கிக்கொண்டிருந்தோம். மேல் ரூமில் குடியிருந்த நவீன் எட்டிப் பார்த்தான். ஐ.டி. வேலை, மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரன், கையில் எப்போதும் ஒரு யோ-யோ. விரலில் கயிறு மாட்டியபடி சின்னச் சக்கரத்தைக் கீழே விட்டு, சுற்றவிட்டு, மேலே இழுப்பது. பெரிய ஆட்கள் அதற்குப் போட்டியே வைக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "அம்மா, எனக்கு ஒண்ணு முறுக்கிக் குடுங்க, சும்னே பாக்கலாம்" என்றான். சும்மாவுக்கு அவன் கன்னடம் சும்னே. கொடுத்தோம். அடுத்த ஞாயிறு அவன் கூட்டாளிகள் எல்லாரும் கேட்டார்கள்.

நூலை ஜன்னல் கம்பியில் கட்டி, இந்த முனையில் கை டிரில்லைச் சுற்றுவது நான். முறுக்கு ஏறி நூல் விண்ணென்று நின்றதும் நடுவில் விரல் வைத்துப் பிடிப்பது நீ. அங்கே மடித்து மெல்ல விட்டால் இரண்டு பாதியும் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். மடிப்பில் யோ-யோவை மாட்டுவார்கள், மறுமுனையில் என் முடிச்சு. "அண்ணி, கை நகருது, சீக்கிரம்" என்று நீ கத்துவாய். "பிடிடி, கல்யாணப் பொண்ணு கைய பிடிக்கற மாதிரி பிடிச்சா நிக்குமா?" என்பேன்.

பிறகு உன் மகன் உன்னைப் பொம்மனஹள்ளிக்குக் கூட்டிப்போனான். நவீனும் கல்யாணமாகி அந்தப் பக்கமே குடிபோனான். நான் மடிப்பை ஓர் ஆணியில் மாட்டித் தனியாக முறுக்கப் பழகினேன். நீ வந்து கயிற்றுக் கட்டை எடுத்துக்கொண்டு போய் ஞாயிற்றுக்கிழமை பார்க்கில் விளையாடுகிற நவீன் கூட்டத்துக்குக் கொடுத்தாய். திரும்பி வந்து என்ன சொன்னாய்? "மெஷின் கயிறு உன் கயிறுகிட்ட நிக்காதுன்னு சொல்றாங்க அண்ணி." இதை நான் கோயில் வாசலில் யாரிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா?

ஷீலா உன் அலமாரியைத் திறந்து காட்டினாள். பிளாஸ்டிக் உறையில் மெஷின் கயிறு, கட்டுக் கட்டாக. பக்கத்தில் ஒரு டப்பா நிறைய வெட்டிப்போட்ட முனைகள். கடையிலிருந்து வந்த முடிச்சை வெட்டி எறிந்துவிட்டு அந்த இடத்தில் என் முடிச்சைப் போட்டிருக்கிறாய். ஒவ்வொரு கயிற்றுக்கும். டி.வி. பார்த்துக்கொண்டே செய்வாய் என்றாள் ஷீலா. என் கயிற்றை நீ என்னிடமே வேண்டாம் என்றிருந்தால் நாலு நாள் சண்டை போட்டிருப்பேன், அவ்வளவுதான். என் முடிச்சை எடுத்து எவனோ ஓட்டின மெஷினுக்குப் போட்டாயே, அது எப்படி உன் கைக்கு வந்தது?

அதைவிட அந்தப் பார்க். போன வருடம் என்னையும் கூட்டிப்போனாயே, நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. நீ நீலச் சேலை, கையில் முறுக்குப் பை. ஒரு பெண் இரண்டு கயிற்றை என் கையில் வைத்து, "ஆண்ட்டி, எது உங்களுது சொல்லுங்க" என்று போனில் படம் எடுத்தாள். நான் நூலைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. முடிச்சைப் பார்த்தேன். "இது மெஷின், செத்த கயிறு. இது என் கை, உயிர் இருக்கு" என்று அத்தனை பேர் முன்னால் தூக்கிக் காட்டினேன். இரண்டும் மெஷின். நீ எனக்குப் பக்கத்தில் நின்று கை தட்டினாய், பிலோமி.

நான் எதையும் மறக்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். என் கல்யாணப் பந்தியில் எனக்கு அப்பளம் வைக்காமல் தாண்டிப்போன உன் சித்தப்பாவோடு அவர் கண் மூடும்வரை நான் பேசவில்லை. அது அப்பளம். இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

போன வாரம் நவீன் போன் செய்தான். போட்டி வருகிறதாம். "அம்மா, பிலோமினாம்மா இல்லையே, ஸ்ட்ரிங் நானே வந்து வாங்கிக்கறேன்" என்றான். அலமாரியில் இருந்த மெஷின் கயிற்றுக் கட்டைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போவான். ஷீலாவும் அதைத்தான் சொன்னாள். எனக்கு மனசு வரவில்லை. இரண்டு பஸ் மாறி நானே பார்க்குக்குப் போனேன்.

"நவீன், ரெண்டு வருசமா நீங்க சுத்தினது கடையில வாங்கினது. நான் முறுக்கினது இதோ இதுதான்."

அவன் முகம் சுருங்கிவிட்டது. "நாங்க எல்லார்கிட்டயும் கையில செஞ்சதுன்னு சொல்லியிருக்கோமே அம்மா" என்றான். உன்னால் அவனும் என்னைப் போல ஏமாந்து நின்றான். போனில் படம் எடுத்த பெண், "விடுங்க ஆண்ட்டி, மெஷினே நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். ஆறுதல் சொல்கிறாளாம்.

நவீன் என் கயிற்றை மாட்டிச் சுற்றினான். யோ-யோ கீழே போனது, மேலே வருமுன் கயிறு தன்னையே சுருட்டிக்கொண்டது. இன்னொன்றை மாட்டினான். அதுவும் அப்படித்தான். "ஒரு பக்கம் முறுக்கு ஜாஸ்தி அம்மா, ஒரு பக்கம் லூஸ்" என்று தரையைப் பார்த்தபடி சொன்னான். இரண்டு வருடத்தில் என் காதில் விழுந்த முதல் உண்மையான வார்த்தை.

"எப்பலேர்ந்துப்பா?"

"தெரியலம்மா. பிலோமினாம்மா கிட்ட ஒரு தடவ சொன்னேன். சரி பண்றேன்னாங்க. அடுத்த வாரமே சரியாயிடுச்சு."

சரியாகிவிட்டதாம்.

அதனால் உன்னைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. கெட்டது எது? நூல் என்றால் வேறு கோன் நூல் வாங்கியிருப்பேன். டிரில் என்றால் எண்ணெய் விட்டிருப்பேன். என் கை நடுங்குகிறது என்றால், அதையும் என் முகத்துக்கு நேரே சொல்ல உனக்கு உரிமை இருந்தது. வேறு யாருக்கு இருக்கிறது? இல்லை, மடிப்பைப் பிடிக்க உன் விரல் இல்லாததுதான் காரணமா? அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வந்து பிடித்திருக்கலாமே. டி.வி. முன்னால் உட்கார்ந்து முடிச்சு போட நேரம் இருந்ததே. இதில் எது என்று தெரிந்த ஒரே ஆள் நீ. சொல்லாமல் போய்விட்டாய்.

கல்லறைத் திருநாளுக்கு வருவேன். மெழுகுவர்த்தி ஏற்றுவேன், செபம் சொல்வேன், உன் மகன் வாங்கி வருகிற மாலையை நானே போடுவேன். ஆனால் உன்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன், இது சத்தியம். ஒருநாள் நானும் அங்கே வந்து சேருவேன். அப்போது முதல் பேச்சை நீதான் எடுக்க வேண்டும். பொய் சொல்லாமல்.

உறவையும் விடாத, கோபத்தையும் விடாத
உன் அண்ணி,
லூர்து