சுதர்சினிக்கு விழுந்த ஒரு வாக்கு

ஹுன்னஸ்கிரிய,
03.03.2025

அன்புள்ள சுதாவுக்கு,

மோகன் எழுதுவது. நேற்று பிலிமத்தலாவை கல்யாண மண்டபத்தை விட்டு வெளியே வந்து, உன் அக்காவோடு நீ பஸ் ஏறியதைப் பார்த்தேன். கை காட்டினேன். நீயும் பார்த்தாய். பார்த்துவிட்டு யன்னல் கண்ணாடியை இழுத்து மூடினாய். அதற்குப் பிறகு பதினேழு தடவை அழைத்துவிட்டேன். நீ என் நம்பரை பிளாக் பண்ணியிருப்பதை நம் கடைக்குப் போட்டோ பிரதி எடுக்க வந்த தினேஸ்தான் கண்டுபிடித்துச் சொன்னான். அதனால்தான் கடிதம். நமக்குக் கல்யாணம் பேசிய காலத்துக்குப் பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான்.

கட்சித் தலைவர் தேர்தல் முடிவை நிஸாம் மாஸ்டர் ஒலிவாங்கியில் வாசித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. “செல்லப்பா ஐம்பத்திரண்டு. அஜந்தன் நாற்பத்தொன்று. அழகமுத்து இருபத்தாறு. சுதர்சினி… ஒன்று. நிராகரிக்கப்பட்டது ஒன்று.” அந்த ‘ஒன்று’க்கு முன்னால் அவர் தொண்டையைச் செருமியிருக்கத் தேவையில்லை. கல்யாண மேடையில், பிளாஸ்டிக் பூவுக்குக் கீழே, மாப்பிள்ளை கதிரையில் உட்கார்ந்திருந்த செல்லப்பா சிரித்ததும் தேவையில்லை.

உனக்கு விழுந்த அந்த ஒரு வாக்கு உன்னுடையது, நான் உன்னை ஏமாற்றிவிட்டேன் என்று நீ நினைக்கிறாய். சத்தியமாகச் சொல்கிறேன் சுதா, நான் உன் பெயருக்கு எதிரேதான் புள்ளடி போட்டேன். பெருக்கல் குறி மாதிரி அழுத்தமாகப் போட்டேன்.

இன்னொன்று. யாராவது ஒருவருக்குப் பாதிக்கு மேல் கிடைக்கும் வரை ஞாயிறுதோறும் வாக்கெடுக்க வேண்டுமாம். தானாக விலகாதவரை யாராலும் விலக்க முடியாதாம். கட்சி யாப்பு விதியில் அப்படித்தான் இருக்கிறது. ஆகவே விலகிவிடாதே. வீட்டுக்கும் வா.

உன்,
மோகனராஜ்


கெலிஓயா,
05.03.2025

திரு. மோகனராஜ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அக்காவும் வாசித்தார். “சத்தியமாம்!” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டேன் என்று முருகன் மேல் சத்தியம் செய்த அன்று கீழ் வீட்டுக் கோழிக்கூடு மிதந்தது. சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்தபோது உங்கள் சட்டைப் பையிலிருந்து புகை வந்தது. மூன்றாவது சத்தியத்தையும் நான் நம்ப வேண்டுமா?

நான் எனக்குத்தான் வாக்களித்தேன். அதில் வெட்கமில்லை. லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் தனித்தனி முகவரி வேண்டும், ஒரு தேயிலைத் தோட்டத்துக் கடிதம் முழுவதும் ஒரே பெட்டியில் கிடந்து மக்கக் கூடாது என்று பன்னிரண்டு வருடமாக அலுவலகப் படி ஏறி இறங்குகிறவள் நான். எனக்கு நானே போடாவிட்டால் வேறு யார் போடுவார்கள்? அப்படியென்றால் அந்த ஒன்று என்னுடையது. கணக்கு உங்களுக்கும் தெரியும்.

பேராளர்கள் நூற்றிருபத்தொரு பேர். மற்ற நூற்றுப்பத்தொன்பது பேர் போடாததில் எனக்கு வருத்தம் இல்லை. அவர்களோடு நான் இருபத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தவில்லை.

விலக மாட்டேன். அது நீங்கள் சொன்னதற்காக அல்ல.

மோ. சுதர்சினி
செயலாளர், மகளிர் அணி


ஹுன்னஸ்கிரிய,
07.03.2025

அன்புள்ள சுதாவுக்கு,

உன் கடிதத்தில் கையெழுத்துக்குக் கீழே பதவியையும் எழுதியிருக்கிறாய். எனக்குமா?

இங்கே என் நிலைமையைக் கேள். விஷயம் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. தேநீர்க் கடையில் எனக்கு மட்டும் சீனி போடுவதில்லை. கேட்டால், “சீனி போட்டாச்சுங்க. நீங்க புள்ளடி போட்ட மாதிரித்தான்” என்கிறான் ஜீவன். நேற்று சுப்பம்மா அக்கா அடையாள அட்டைப் படிவம் நிரப்ப வந்தார். நான் பேனாவைத் திறந்ததும் படிவத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

“கட்டுன பொண்டாட்டி பேருக்கே எழுதாத கை. இது எம்பேரை ஒழுங்கா எழுதுமா?”

“அக்கா, நான் போட்டேன்க்கா.”

“போட்டீங்க, போட்டீங்க. நாமம் போட்டீங்க.”

இத்தனைக்கும் உனக்குப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு அழகமுத்துவுக்குப் போட்டவர் அவர். மருமகனாம்.

நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். பேராளர் யாராவது எழுத்தில் கேட்டால், எண்ணி முடித்த சீட்டுகளைத் தேர்தலை நடத்தும் தெரிவத்தாட்சி அலுவலர் காட்டியே ஆக வேண்டும் என்று யாப்பில் இருக்கிறது. நிஸாம் மாஸ்டரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். “இதென்னத்துக்கு மோகன் இந்த வேல? பொண்டாட்டிக்கிட்ட மன்னிப்புக் கேட்டா முடிஞ்சிச்சே” என்றார். நான் விடவில்லை. இந்த ஞாயிறு கூட்டம் முடிந்ததும் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். உண்மை வெளியே வரட்டும். அதற்குப் பிறகு தோட்டத்தில் ஒவ்வொருவராக என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். ஜீவன் முதலில்.

உன் சேலையைப் பூனை மெத்தையாக்கிவிட்டது. நான் கொடுக்கவில்லை, அதுவே எடுத்துக்கொண்டது.

உன்,
மோகன்


கெலிஓயா,
11.03.2025

மோகனராஜ் அவர்களுக்கு,

ஞாயிறு நீங்கள் கதவோரம் நின்றதைப் பார்த்தேன். மெலிந்திருக்கிறீர்கள். இதை அக்காவிடம் சொல்லவில்லை.

செல்லப்பா நாற்பத்தேழு, அஜந்தன் முப்பத்தெட்டு, அழகமுத்து பதினான்கு, நான் இருபத்தொன்று! வழக்கம்போல நிராகரிக்கப்பட்டது ஒன்று. யாரோ ஒருவருக்கு இன்னும் புள்ளடி போடத் தெரியவில்லை. நான் தலைவியானால் முதலில் அதற்கு ஒரு வகுப்பு வைக்க வேண்டும்.

இந்த இருபத்தொன்று எப்படி வந்தது என்று தெரியுமா? என் பேச்சால் அல்ல. சாப்பாட்டு நேரத்தில் சுப்பம்மா அக்கா பெண்களையெல்லாம் கூட்டி வைத்து, நீங்கள் செய்ததைச் சொல்லி அழுதிருக்கிறார். “சொந்தப் புருசனே கைவிட்ட புள்ளைய நாமளும் கைவிடலாமாடி?” என்று கேட்டாராம். ஒவ்வொருத்திக்கும் தன் வீட்டுக்காரர் நினைவுக்கு வந்துவிட்டார். கலகெதரவிலிருந்து வந்த ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க வீட்டுலயும் இப்படி ஒண்ணு இருக்குங்க” என்றாள்.

முகவரிக்காகப் பன்னிரண்டு வருடம் உழைத்தேன், ஒரு வாக்கு. நீங்கள் ஒரு நாள் துரோகம் செய்தீர்கள், இருபது வாக்கு. இது நியாயமா என்று தெரியவில்லை. ஆனால் அந்த இருபது பேரையும் வைத்துக்கொண்டு முகவரி வாங்கலாம் என்று தெரிகிறது.

சீட்டுகளைப் பார்த்தீர்களா? என்ன கண்டீர்கள்? எனக்கு அக்கறையில்லை. சும்மா கேட்கிறேன்.

மோ. சுதர்சினி
செயலாளர், மகளிர் அணி


ஹுன்னஸ்கிரிய,
14.03.2025

அன்புள்ள சுதாவுக்கு,

நிஸாம் மாஸ்டர் சீட்டுகளைக் காட்டினார். பார்த்தேன். பார்த்து ஒரு பிரயோசனமும் இல்லை. புள்ளடி எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் உனக்குப் போடவில்லை. அஜந்தனுக்குப் போட்டேன். பட்டியலில் அவர் பெயர்தான் முதலில் இருந்தது. கை அங்கே போய்விட்டது. அவர் சட்டத்தரணி, நல்ல வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வேறு காரணம் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

நேற்று போயா, பௌர்ணமி விடுமுறை. கிளைக் கூட்டம் இருந்தது. எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் இதையே சொன்னேன். சுப்பம்மா அக்கா குடையைத் தூக்கிவிட்டார். தினேஸ் நடுவில் வந்ததால் அடி அவன் தோளில் விழுந்தது. உடுதும்பரையிலிருந்து வந்திருந்த ஐந்து பேராளர்கள், “அந்தம்மாவுக்குத்தான் இனி எங்க ஓட்டு” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். கூட்டம் அதோடு முடிந்தது.

நீ வீட்டுக்கு வர அவசரப்பட வேண்டாம். தேர்தல் முடியட்டும்.

மோகன்


கெலிஓயா,
18.03.2025

மோகனராஜ்,

செல்லப்பா நாற்பத்தைந்து. நான் நாற்பத்துநான்கு. அஜந்தன் முப்பத்தொன்று. நிராகரிக்கப்பட்டது ஒன்று. அழகமுத்து முன்பே விலகிவிட்டார். நேற்று அஜந்தனும் விலகிவிட்டார். பெண்கள் கூட்டமாக வந்து, “எங்கக்கா வீட்டுக்காரரை மயக்குன ஆளு நீங்கதானே?” என்று சண்டை பிடித்ததில் மனிதர் பயந்துபோனார். வரும் ஞாயிறு நானும் செல்லப்பாவும் மட்டும்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். அக்கா கேசரி கிண்டினார். எனக்கு இறங்கவில்லை.

ஒன்று சொல்கிறேன். இத்தனை நாள் நான் எழுதியதெல்லாம் கோபத்தில் எழுதியது. உள்ளே ஒரு மூலையில், நீங்கள் சொன்னதை நான் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். மனுசன் மோட்டாரை மறப்பார், சிகரெட்டை மறைப்பார், ஆனால் இதில் பொய் சொல்ல மாட்டார் என்று இருந்தேன். சீட்டைப் பார்த்துவிட்டு வந்து வாதத்தில் என்னைத் தோற்கடிப்பீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் வெள்ளைச் சட்டை என்று எழுதினீர்கள்.

இனி எழுத வேண்டாம்.

சுதர்சினி


ஹுன்னஸ்கிரிய,
20.03.2025

சுதா,

எழுத வேண்டாம் என்றாய். இது கடைசி, இதுவும் கட்சி வேலைக்காகத்தான்.

ஞாயிறு பேசும்போது அவசரப்படாதே. முகவரி விஷயத்தை முதலில் சொல். புள்ளிவிவரத்தைக் குறை, அந்தப் பல்கலைக்கழகக் கடிதம் தொலைந்த பிள்ளையின் கதையைச் சொல். செல்லப்பா கிண்டல் செய்தால் அவரைப் பார்க்காதே, பின்வரிசையைப் பார். தண்ணீர் குடி.

வாக்குச்சீட்டில் புள்ளடியை மட்டும் போடு. அதற்குக் கீழே கையெழுத்து, பதவி, திகதி எதுவும் வைக்காதே. பழக்கத்தில் கை போய்விடும், கவனம். இந்த முறை ஒவ்வொரு வாக்கும் முக்கியம்.

வெல்வாய்.

மோகன்


கெலிஓயா,
25.03.2025

உறுப்பினர் திரு. சி. மோகனராஜ் அவர்களுக்கு,

ஒழுக்காற்று விசாரணை

கட்சியின் புதிய தலைவர் திரு. செல்லப்பா அவர்கள் நேற்று என்னை ஒழுக்காற்றுக் குழுவின் தலைவியாக நியமித்துள்ளார் என்பதை அறியத் தருகிறேன். தோற்றவளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று கொடுத்தார். வேறு யாரும் கேட்காத பதவி. நான் கேட்டு வாங்கினேன். என் முதல் வழக்கு நீங்கள்.

குற்றச்சாட்டு: 13.03.2025 கிளைக் கூட்டத்தில், மனைவிக்கு வாக்களிக்கவில்லை என்று, பொய்யென்று தெரிந்தே கூறியது.

சாட்சியம்: உங்கள் கடைசிக் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. கையெழுத்து, பதவி, திகதி என்பதை மூன்று தரம் வாசித்தேன். அப்படியே நிஸாம் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஸுமைரா ராத்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு முதலில் தண்ணீர் கொடுத்தார். மாஸ்டர் மூன்று சீட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மூன்றிலும் என் பெயருக்கு எதிரே அழகான புள்ளடி. மூன்றிலும் கீழே ‘மோ. சுதர்சினி, செயலாளர், மகளிர் அணி’, திகதியோடு. இரகசிய வாக்கெடுப்பில் கையெழுத்து வைத்ததால் மூன்றும் நிராகரிப்பு. தினம் முப்பது படிவத்தில் கையெழுத்து வைக்கிற கை, என்னைக் கேட்காமலே வைத்திருக்கிறது.

“ஏன் மாஸ்டர் சொல்லல்ல?” என்றேன்.

“ஒங்கட மாப்பிள்ள என்ட கையப் புடிச்சிக்கிட்டு, ‘இத சொன்னா அந்த இருபது வாக்கும் போயிரும் மாஸ்டர், நான் திட்டு வாங்கிக்கிறேன்’னு சொன்னாரு தங்கச்சி. நான் என்ன செய்ய?”

மறுநாள் மேடையில் முகவரியைப் பற்றிப் பேசவில்லை. நடந்ததைச் சொன்னேன். முதல் வாக்கு என் வீட்டுக்காரருடையது, கெட்டுப்போனது என்னுடையது என்றேன். நீங்கள் கதவோரத்தில் தலையைக் குனிந்துகொண்டீர்கள். மண்டபம் சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆனது. செல்லப்பா எழுந்து, “ஒரு சீட்டுல ஒழுங்கா புள்ளடி போடத் தெரியாதவங்க கட்சி நடத்தப் போறாங்களாம்” என்றார். சுப்பம்மா அக்கா விடவில்லை. “தப்புன்னதும் தப்புன்னு சொல்லுச்சுல்ல? நீங்க இத்தன வருசத்துல ஒருக்கா சொல்லியிருக்கீங்களா?” மண்டபம் கைதட்டியது. உங்களுக்கும் கேட்டிருக்கும்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று. முடிவு வந்த பிறகு சுப்பம்மா அக்கா என்னிடம் வந்து, தான் செல்லப்பாவுக்குப் போட்டதாகச் சொன்னார். “மூணு கிழமையா என்னைய சும்மா அழ வச்சிட்டியேடி. கோவம் வந்துருச்சு.” அந்தக் கோபம் இன்னும் சிலருக்கு வந்திருக்க வேண்டும். அறுபத்துமூன்றுக்கு ஐம்பத்தெட்டு. நிராகரிக்கப்பட்ட வாக்கு ஒன்றுமில்லை.

தோற்றது வருத்தம்தான். பொய்யில்லை. ஞாயிறு இரவு அழுதேன். ஆனால் அந்த ஐம்பத்தெட்டு பேர் என்மேல் பரிதாபப்பட்டுப் போட்டவர்கள் இல்லை. முகவரி மனுவில் முதல் கையெழுத்துகள் அவர்களுடையவை. நேற்றே வாங்க ஆரம்பித்துவிட்டேன்.

தீர்ப்பு: குற்றம் நிரூபணமானது. விசாரணை இனிமேல்தான். 29.03.2025 சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கெலிஓயாவில் அக்கா வீட்டில் ஆஜராக வேண்டும். அக்கா இன்னும் உங்களை மன்னிக்கவில்லை. எதற்கு மன்னிக்க வேண்டும் என்பதே மறந்துவிட்டது, ஆனாலும் மன்னிக்கவில்லை. அவர் எதைப் பரிமாறினாலும் வாய் திறக்காமல் சாப்பிடுவது தண்டனையின் முதற்பகுதி.

இரண்டாம் பகுதி: இனி எனக்காக ஏதாவது பொய் சொல்லத் தோன்றினால், முதலில் என்னிடம் சொல்லிவிட்டுச் சொல்ல வேண்டும்.

மேன்முறையீடு கிடையாது. குழுவின் மற்ற இரண்டு உறுப்பினர்களுக்கும் நான் அறிவிக்கவில்லை. விசாரணை முடிந்ததும் குற்றவாளியும் குழுத் தலைவியும் மூன்றரை மணி பஸ்ஸில் புறப்படுவார்கள். என்னிடம் பை இரண்டு இருக்கிறது. பெரியதை நீங்கள் தூக்க வேண்டும்.

சுதா