கால் எட்டாத கதிரை

ஜூன் 14, புதன்.

தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் இன்று வயதான பெண்களின் கால் பலத்தை அளந்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு, அரை நிமிடம் கதிரையில் உட்கார்ந்து உட்கார்ந்து எழும்ப வேண்டும். கதிரை உயரம். எனக்குக் கால் தரையில் சரியாகப் படவில்லை. ஆறு தடவைதான் எழும்பினேன்.

"கால்ல பலம் கொறஞ்சிருச்சும்மா" என்று நர்ஸ் பிள்ளை தாளில் எழுதினாள்.

"முப்பத்தெட்டு வருசம் கொழுந்து எடுத்தேன். மலையில எங்களுக்கு யாரு கதிரை போட்டா?" என்று கேட்டுவிட்டுத் தரையில் குந்தினேன். கை ஊன்றாமல் பத்துத் தடவை எழும்பிக் காட்டினேன். அவளையும் செய்யச் சொன்னேன். மூன்றாவதில் மேசையைப் பிடித்துவிட்டாள்.

ஆனாலும் தாளில் ஆறுதான். அடுத்த மாதம் காலுக்குக் கீழே போட என் அடுப்படிப் பலகையோடு போவேன்.

இப்போது இரண்டு முழங்காலும் குத்துகின்றன. அதை அவள் கேட்கவில்லை. நானும் சொல்லமாட்டேன்.