அவர் கை தூக்கும் பாட்டுகள்

12, செவ்வாய்

காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. நான் வேலை செய்யும் பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலைக்குப் போன் செய்து விடுப்பை நீட்டிக்கச் சொன்னேன். சரி என்றார்கள்.

பக்கவாதம் வந்ததிலிருந்து என் கணவர் சேகருக்குப் பேச்சு இல்லை. வலது கை, கால் அசைவதில்லை. இன்று பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்தாள்.

"அவருக்குப் புடிச்ச பாட்டு போடுங்கக்கா. சில பேருக்கு அதுலேர்ந்து வாய் தொறக்கும். யாரு பாடுனா புடிக்கும்?"

தெரியாது என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷம், மகன் காலேஜுக்கே போய்விட்டான். இன்னும் கணவருக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்று தெரியாது.

மத்தியானம் ரேடியோவில் ஒரு பாட்டு. சேகரின் இடது கை எழுந்து கட்டில் கம்பியைத் தட்டியது. பாட்டு முடிந்ததும் இறங்கிவிட்டது. யார் பாடியது என்று அறிவிப்பாளர் சொல்லவில்லை. சோறு குழைந்துவிட்டது.

13, புதன்

வெயில். இன்றும் சில பாட்டுகளுக்குக் கை தூக்கினார். நேரம் குறித்துக்கொண்டேன்.

ரேடியோவின் இணையப் பக்கத்தில் எத்தனை மணிக்கு என்ன பாட்டு என்று இருக்கிறது. பாடியவர் பெயர் இல்லை. வேலையில் சிப் சோதனை முடிவுகளைப் பிரிக்கக் கம்ப்யூட்டரில் சின்ன ஸ்கிரிப்டுகள் எழுதுவேன். அதே மாதிரி ஒன்று. பாட்டின் பெயரை எடுக்கணும், பாட்டுத் தகவல் தளத்தில் தேடணும், பாடியவரைப் பக்கத்தில் போடணும்.

ஓடவிட்டேன். எல்லாப் பாட்டையும் ஒரே சீனப் பாடகர் பாடியதாக வந்தது. சிரிப்பு வரவில்லை.

மருந்துக்கடை. முட்டை. பால் மாவு மறந்துவிட்டேன்.

15, வெள்ளி

தப்பு எழுத்துகளில். ஒரே பாட்டை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். திருத்தினேன். இந்த முறை ஸ்கிரிப்ட் சரியாக ஓடியது.

கை தூக்கிய பாட்டு அத்தனையும் ஒரே பாடகி. பழைய ஆள், கீச்சென்ற குரல்.

நாத்தனாருக்குப் போன் செய்து, இவருக்கு அந்தப் பாடகி என்றால் உயிர் போல என்றேன். "அப்படியா? எனக்கு ஒன்னும் ஞாபகம் இல்லையே. ஞாயித்துக்கெழம வரேன்லா."

அந்தக் குரலில் இவருக்கு யார் ஞாபகம் என்று யோசித்தேன். பொறாமை வரும் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பாத்திரம் கழுவினேன்.

17, ஞாயிறு

மேகமூட்டம். அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து நாத்தனார் ஃபெர்ரியில் வந்தார். மீன் குழம்பு கொண்டுவந்தார்.

ஸ்கிரிப்டை வைத்து அந்தப் பாடகியின் பாட்டுகளாகச் சேர்த்திருந்தேன். தலைமாட்டில் ஸ்பீக்கர் வைத்துப் போட்டேன். முதல் பாட்டிலேயே கை எழுந்தது. தட்டினார். சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் வேகமாகத் தட்டினார். முகம் சிவந்து, வாய் கோணி, தொண்டையிலிருந்து ஏதோ வந்தது.

"அ… டை."

எனக்குப் புரியவில்லை. நாத்தனார் குழம்புச் சட்டியோடு அப்படியே நின்றார்.

"பாட்ட அடைக்கச் சொல்றான்லா, நிறுத்தணுமாம். இப்பதான் ஞாபகம் வருது. இந்தப் பொம்பள பாடுனாலே சின்ன வயசுல எழுந்து வெளிய போயிருவான்."

பாட்டை நிறுத்தினேன். கை இறங்கியது. இத்தனை நாளும் நிறுத்தச் சொல்லித்தான் தட்டியிருக்கிறார். நான் இன்றைக்குச் சத்தத்தை வேறு கூட்டியிருக்கிறேன்.

நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"வேற என்னங்க புடிக்கல? சொல்லுங்க."

என்னையே பார்க்கிறார். நிறைய இருக்கும் போல. வாயைத் திறக்கிறார்.