இரண்டாவது டோக்கன்

மார்ச் 3, செவ்வாய்

இன்று லேபில் இருபத்திமூன்று மல மாதிரி, பதினோரு சளி. ஒரு டப்பாவின் மூடியைச் சரியாக மூடாமல் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள், மேஜையெல்லாம் ஒழுகிவிட்டது. புதிதாகச் சேர்ந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். நான் துடைத்தேன், கை கழுவினேன், சாப்பிட்டேன். இருபத்திரண்டு வருடமாக இதுதான் சோறு போடுகிறது. இதற்கெல்லாம் முகம் சுளித்தால் முடியுமா? "பழகிடும்"னு அவளிடம் சொன்னேன். என்னைப் பேயைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்தால் அப்பா. பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருடம். பகலில் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்கிற அக்கா ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார். முதுகைத் துடைத்தேன், துணி மாற்றினேன், சூப் ஊட்டினேன். பாதி உள்ளே போனது, பாதி என் சட்டையில்.

ஞாயிறு அண்ணனுக்கு ஐம்பது வயது. அண்ணி விருந்து வைக்கிறாள். எல்லாம் வைத்திருக்கிற மனிதனுக்கு என்ன வாங்கிக் கொடுப்பது?

மார்ச் 4, புதன்

கிடைத்துவிட்டது! அந்த வீடியோ கேம் மெஷினின் படம். இணையத்தில் தேடித் தேடிப் பிடித்தேன் — அதே குத்துச்சண்டை, அதே மஞ்சள் பெட்டி. பெரிதாக்கிச் சட்டம் போடக் கொடுத்திருக்கிறேன். படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதம். எனக்கு எட்டு, அவனுக்குப் பன்னிரண்டு. கீழ்த்தளத்துக் கேன்டீன் மூலையில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் அது நின்றது. திரையில் வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன், சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன். அவர்களை ஆட்டுவிக்க ஆளுக்கு ஒரு கம்பி, ஒரு பொத்தான். அப்பா தினமும் சாயங்காலம் இரண்டு டோக்கன் வாங்கி அண்ணன் கையில் கொடுப்பார். "உனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு." காலி பாட்டில் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு என்னைத் தூக்கி அதன்மேல் நிறுத்துவான் அண்ணன். குனிந்து டோக்கனைப் போடுவான். நான் சிவப்பு. என்ன ஆட்டம் ஆடினேன்! பாதி நாள் நான்தான் ஜெயிப்பேன். அவன் ஒருநாளும் கோபித்ததில்லை, விழுந்து விழுந்து சிரிப்பான். பன்னிரண்டு வயதுப் பையன் தங்கச்சியிடம் தோற்றுவிட்டுச் சிரிப்பதென்றால் சும்மாவா? ஆட்டம் முடிந்ததும் நான் மேலே அம்மாவிடம் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, யார் யாரை எப்படிக் குத்தினார்கள் என்று சொல்லுவேன்.

கடைசி நாள் மட்டும் கை ஓடவில்லை. அன்று அப்பாவுக்கு என்ன அவசரமோ, ஆளுக்கொன்றாக எங்கள் கையில் திணித்துவிட்டு மேலே ஓடினார். என் டோக்கனை நானே போட்டேன். என் சிவப்புச் சட்டைக்காரன் தடுமாறினான், வெறுங்காற்றில் குத்தினான், மூன்று சுற்றிலும் விழுந்தான். நான் பெட்டியை விட்டு இறங்குவதற்குள் அப்பா படியிறங்கி வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

அம்மா போகப்போவது எனக்கு முன்னால் என் கைக்குத் தெரிந்திருக்கிறது. இதை வாழ்க்கையில் நாலைந்து பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் கேட்பவர்களுக்கும் கண் கலங்கிவிடும்.

அண்ணன் ஞாயிறுதோறும் வருகிறான். அப்பா அறை வாசலில் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்று "எப்படிப்பா இருக்கீங்க?" என்பான், பத்தாவது நிமிடம் கார் கிளம்பிவிடும். ஒருநாளும் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. என்னைப் பெட்டிமேல் தூக்கி நிறுத்தினவன். போகட்டும்.

மார்ச் 8, ஞாயிறு

எழுதுவதா வேண்டாமா?

பகலில் வரும் அக்காவைக் கெஞ்சி அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனேன். நல்ல கூட்டம். ஆபீஸ் நண்பர்கள், அண்ணியின் உறவுகள். கேக் வெட்டினான். என் பரிசைப் பிரித்தான். "என்னடா இது?" என்று நண்பர்கள் கேட்டார்கள். இவன் சிரிக்க ஆரம்பித்தான். நானும் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன், என்னைப் பற்றி நல்லதாக ஏதோ சொல்லப்போகிறான் என்று.

"இவ சின்ன வயசுல என்கூட இத ஆடுவா. ஆடுவான்னா — அந்தப் பக்கக் கம்பி செத்த கம்பி! சும்மா நிக்குது. இவ நாக்கத் துருத்திக்கிட்டு அத முறுக்குவா பாருங்க, குரங்கு மாதிரி! ஆடுறது மெஷினு. ஜெயிக்கிறது மெஷினு. இவ ஜெயிச்சேன் ஜெயிச்சேன்னு பெட்டிமேல குதிக்கிறா! ரெண்டு மாசம்! ரெண்டு மாசம் கண்டுபிடிக்கலயே!"

நாக்கைத் துருத்தி ஆடியும் காட்டினான். வாயோரம் கேக் கிரீம். அறையே சிரித்தது. அண்ணிக்குக் கண்ணில் தண்ணி.

நானும் சிரிச்சேன். அதுதான் தாங்கல. எல்லாரையும்விடச் சத்தமா நான் சிரிச்சேன். ச்சீ.

அவன் மகள் மட்டும் சிரிக்கவில்லை. பதினாறு வயது. பக்கத்தில் வந்து, "அத்தை, நெஜமாவே தெரியாதா?" என்றாள்.

"தெரியுமே. சும்மா நடிச்சேன்" என்றேன்.

மார்ச் 9, திங்கள்

தூ.

மார்ச் 11, புதன்

அவன் விழுந்து விழுந்து சிரித்ததெல்லாம் நான் ஜெயித்ததற்கு இல்லை. என்னைப் பார்த்து. தினமும் வேடிக்கை. மேலே அம்மா கிடக்கிறாள், கீழே இவனுக்குக் குரங்கு வித்தை.

தோற்றுவிட்டுச் சிரித்தான் என்ற நன்றிக்காக எத்தனை செய்திருக்கிறேன்! அப்பா விழுந்த அன்று "உன் வீடுதான்டி வசதி, தரைத்தளம்" என்றான். ஆமாம் என்றேன். இரண்டு வருடமாகக் கைக்குட்டையைப் பார்க்கிறேன். நறுமணம் தெளித்த கைக்குட்டை! அதன் வாசனைதான் எனக்கு உண்மையில் குமட்டுகிறது, அப்பாவின் துணி இல்லை.

ஒன்று இடிக்கிறது. கம்பி செத்தது என்றால் கடைசி நாள் எனக்கு ஏன் கை ஓடவில்லை? செத்த கம்பிக்குக் கை ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன? மெஷினுக்கா தெரிந்தது அம்மா போவது?

மார்ச் 12, வியாழன்

அண்ணன் மகள் போன் செய்தாள். பழைய மெஷின்கள் வைத்திருக்கிற கூடம் ஒன்று இருக்கிறதாம், அந்தக் குத்துச்சண்டையும் இருக்கிறதாம். "போலாமா அத்தை?" வேலை இருக்கிறது என்றேன். வைத்தபிறகு நானே கூப்பிட்டு, சனிக்கிழமை என்றேன்.

மார்ச் 14, சனி

லேபில் ஒரு முடிவு சந்தேகமாக இருந்தால் இரண்டாம் முறை பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். என் விஷயத்தில் மட்டும் முப்பத்தெட்டு வருடம் பார்க்காமலேயே போட்டிருக்கிறேன்.

வணிக வளாகத்தின் மேல்மாடி. மூலையில் மஞ்சள் பெட்டி. நெஞ்சு அடித்துக்கொண்டது, அந்த வெட்கம் கெட்ட நெஞ்சு. மெக்கானிக் அம்மா ஒருவர் இடுப்பில் ஸ்க்ரூடிரைவர் செருகிக்கொண்டு வேறொரு மெஷினின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தார். கேட்டேன்: "இதுல ரெண்டாவது பக்கம் அடிக்கடி செத்துப்போகுமா?"

"இதுலயா? இடிச்சாலும் சாகாதுங்க. நீங்க ஒரு டோக்கன் போட்டிருப்பீங்க. ஒண்ணு போட்டா சிவப்பு மெஷினோடது, கம்பிய என்ன முறுக்கினாலும் கேக்காது. ரெண்டு போட்டாதான் ரெண்டு பக்கமும் உசுரு வரும்."

ஒரு டோக்கன் போடச் சொன்னேன். அண்ணன் மகள் வெள்ளை. நான் சிவப்பின் கம்பியைப் பிடித்தேன். அடேயப்பா, என்ன அழகாக ஆடினான் என் சிவப்புச் சட்டைக்காரன்! குனிந்தான், ஒதுங்கினான், பளீரென்று விட்டான். எட்டு வயதில் நான் அப்படித்தான் ஆடினேன்.

பிறகு இரண்டு போட்டோம். சிவப்பு தடுமாறினான். வெறுங்காற்றில் குத்தினான். மூன்று சுற்றிலும் விழுந்தான்.

கடைசி நாளேதான். அச்சு அசல்.

"அத்தை, ஏன் உக்காந்துட்டீங்க?" என்றாள். கால் வலி என்றேன்.

என் கைக்கு ஒரு மண்ணாங்கட்டியும் தெரிந்திருக்கவில்லை. அன்று என் டோக்கனை நானே போட்டேன். அன்றுதான் முதல்முதலாக அது என் கை. முதல்முதலாக ஆடுகிறவள் எப்படி ஆடுவாளோ அப்படி ஆடித் தோற்றேன். அவ்வளவுதான். அம்மாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதைச் சொல்லியா நாலைந்து பேரை அழவைத்தேன்? நினைத்தால் உடம்பு கூசுகிறது. அவன்மேல் வந்த அருவருப்பு பாதி என்மேல் திரும்பிவிட்டது.

பாதிதான். அப்பா தினமும் இரண்டு டோக்கன் கொடுத்தார். செத்துப்போன கம்பியாம்! இவன் சாகடித்த கம்பி அது. மற்றது எங்கே போனது?

மார்ச் 15, ஞாயிறு

வந்தான். கைக்குட்டை வந்தது. "எப்படிப்பா இருக்கீங்க?" ஆனது. திரும்பினபோது வழியை மறித்து நின்றேன்.

"என் டோக்கன் எங்கண்ணா போச்சு?"

"எந்த டோக்கன்?"

"எனக்குன்னு அப்பா தினமும் உன்கிட்ட குடுத்தாரே, அது."

சிரித்து மழுப்பப் பார்த்தான். "அதெல்லாம் எந்தக் காலத்துக் கதை குட்டி..." நான் நகரவில்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நீ மேல போனப்புறம் நான் தனியா ஆடுவேன். அது தீர்ற வரைக்கும் மேல வர வேணாம்ல."

"ஏன் வர வேணாம்?"

"அம்மா மேல அடிச்ச வாடை. எனக்குக் கொமட்டிக்கிட்டு வரும். ஒரு தடவ அம்மா முன்னாடியே ஓங்கரிச்சிட்டேன். அம்மா மொகத்தத் திருப்பிக்கிட்டா." கைக்குட்டை இன்னும் மூக்கில்தான் இருந்தது. "அதுக்கப்புறம் நான் சரியா உள்ளயே போகல. வாசல்லயே நின்னுட்டு வந்துருவேன்."

வழியை விட்டேன். போய்விட்டான். அப்பாவின் அறைக் கதவு திறந்தேதான் இருந்தது. அவருக்குப் பேச்சுதான் போனது, காது நன்றாகக் கேட்கும்.

மார்ச் 16, திங்கள்

பெற்ற தாயைப் பார்த்துக் குமட்டிச்சாம். எழுதவே கை கூசுகிறது.

எனக்கும் அந்த வாடை ஞாபகம் இருக்கிறது. மருந்து, புண், மூத்திரம். நான் அதிலேயே உட்கார்ந்து குத்துச்சண்டைக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டு வயதில் நானே பழகிக்கொண்டேன். அவனால் முடியாதா? பத்து நிமிடம் தள்ளிப்போட என் டோக்கனைத் தின்றான், சரி. அதை எடுத்து ஐம்பதாவது பிறந்தநாளில் சிரிப்புக் கதையாக விற்கிறானே, அதற்கு என்ன பெயர்?

லேபில் புதுப்பெண் இன்றும் ஓடப்பார்த்தாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். "வாயால மூச்சு விடு. ஜன்னலத் தொற. ஓடினா நாளைக்கும் ஓடணும்." நின்றாள். கண்ணில் தண்ணி, ஆனால் வேலையை முடித்தாள்.

அவனை யாரும் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. பன்னிரண்டில் அப்பா நிறுத்தவில்லை. இந்த இரண்டு வருடம் நான் நிறுத்தவில்லை. நன்றி என்ற பெயரில் நானே அவனை வாசலிலேயே நிற்கவிட்டிருக்கிறேன். இதில் நான் பெரிய உத்தமி மாதிரி எழுதிக் கிழிக்கிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

செய்தி அனுப்பினேன். "ஞாயிறு காலை பத்து மணிக்கு வா. நான் வெளியே போகிறேன். ஒரு மணி வரை அப்பா உன் பொறுப்பு. மாற்றுத் துணி அலமாரியில் இரண்டாம் தட்டு."

மார்ச் 19, வியாழன்

இரண்டு நாள் கழித்துப் பதில். "ஞாயிறுக்கும் ஒரு ஆள் போட்டுடலாம், நான் ஏற்பாடு பண்றேன்."

"ஆள் வேண்டாம். நீ வா. வாயால் மூச்சு விடு."

மார்ச் 22, ஞாயிறு

பத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் வந்தான். என்னோடு பேசவில்லை. அவன் மகள் வெளியே காரிலேயே காத்திருந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு அந்தக் கூடத்துக்குப் போனேன்.

என் டோக்கனை நானே போட்டேன். ஏழு ஆட்டம், ஏழும் தோல்வி. சிவப்புச் சட்டைக்காரன் நான் சொன்னதைத் தட்டாமல் செய்கிறான். நான் சொல்வதுதான் எல்லாம் தப்பு. ஐந்தாவது ஆட்டத்தில் ஒரு சுற்று எடுத்தேன். பெட்டி இல்லாமலே குதித்தேன். மெக்கானிக் அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பார்க்கட்டும்.

ஒன்றே காலுக்கு வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் பினாயில் நெடி மூக்கை அறுத்தது, ஒரு பாட்டிலையே கவிழ்த்திருக்கிறான். அப்பா அறையில் ஜன்னல் திறந்திருந்தது. அவன் கட்டிலை ஒட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். சட்டை நனைந்து, கண் சிவந்து. கைக்குட்டை தரையில் கிடந்தது, எதையோ துடைத்திருக்கிறான். அப்பாவுக்கு உள்துணியை முன்பக்கம் பின்பக்கமாக மாட்டிவிட்டிருந்தான்.

"ரெண்டு தடவ வாந்தி எடுத்தேன்" என்றான்.

"எங்க?"

"வாஷ்பேசின்ல. கழுவிட்டேன்."

போய்ப் பார்த்தேன். சகிக்கவில்லை. துணியை எடுத்த கையை நிறுத்திக்கொண்டேன். "ஓரத்துல இருக்கு" என்று குரல் கொடுத்தேன். எழுந்து வந்து துடைத்தான். மறுபடியும் ஓங்கரித்தான், துடைத்து முடித்தான்.

"அப்பா மொகத்தத் திருப்பிக்கல" என்றான், என்னைப் பார்க்காமல்.

எனக்கு இன்னும் கோபம் போகவில்லை, அந்தக் கிரீம் ஒட்டிய வாயும் மறக்கவில்லை. அவன் போனபிறகு அப்பாவின் துணியைச் சரிசெய்தேன். தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனபோதுதான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் 'பத்து மணி' என்று பேனாவில் எழுதியிருக்கிறது. என் கையெழுத்து இல்லை.