கல்லுக்கு வைத்த பெயர்

ஆத்தூர்,
14-5-1962

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுத ஆசைதான். நீங்களோ கிணற்று வெடிவேலையை விட்டு வர முடியாதென்று மகனுக்குப் பெயர் வைக்கக்கூட வரவில்லை.

தொட்டிலில் முதலில் குழவிக்கல்லைப் போட்டு ஆட்டிவிட்டுத்தானே பிள்ளையைப் போடுவோம்? அன்றைக்குக் குழவி வடைமாவில் கிடந்தது. கோடை லீவில் பெரம்பலூர்ப் பக்கம் மரமே கல்லாகிக் கிடக்கிற சாத்தனூர்க் கல்மரம் பார்க்கப் போன சுவாமிநாதன் அண்ணன், காவலையும் மீறி ஒரு துண்டு எடுத்து வந்திருந்தான். “எல்லாங் கல்லுதான், போடு சாமி” என்றாள் அம்மா. பட்டுத்துணி சுற்றிப் போட்டோம். நல்லம்மாள் பெரியம்மாவுக்குக் கண் மங்கல். பிள்ளையென்று நினைத்து, கல்லின் காதில் மூன்று தரம் ‘செங்கோடா’ என்று கூப்பிட்டுவிட்டார். எல்லோரும் சிரித்துவிட்டு, அப்புறம் பிள்ளைக்கும் அதே பெயரைச் சொன்னோம்.

அன்று முதல் பிள்ளை அழவேயில்லை மாமா. எறும்பு கடித்தும் அழவில்லை. டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். கல்லைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது. பயமாயிருக்கிறது, வாங்க.

சௌந்திரம்

நாமக்கல்,
18-5-1962

அன்புள்ள சௌந்திரத்துக்கு,

அழாத பிள்ளைக்கு அவனவன் தவம் கிடக்கிறான்! அரசாங்கக் காவலில் இருக்கும் கல்லைத் தூக்கி வந்த உன் அண்ணனைத்தான் உதைக்க வேண்டும். வியாழக்கிழமை வாரேன். நானே கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறேன்.

அர்த்தநாரி

பெரம்பலூர்,
25-5-1962

சௌந்திரம்,

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். வரும்போது கல்லைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். பக்கத்திலிருந்த அம்மாள், “கொழந்த தூங்குதாங்க?” என்றாள். “ஆமாங்க” என்றேன். அப்புறந்தான் கவனித்தேன், என் கால் தானாகக் கல்லை ஆட்டிக்கொண்டிருந்தது.

கல்மரத்துக் காவல்காரர் திட்டவில்லை. உடைந்த இடத்தைக் காட்டினார், கச்சிதமாகப் பொருந்தியது. பத்தடி நடந்திருப்பேன், பின்னால் பச்சைப்பிள்ளை அழுகிற சத்தம். “திரும்பாம போங்க” என்றார். வந்துவிட்டேன்.

ஆத்தூர் பஸ் ஏறத் தைரியமில்லை. ஊருக்கே போகிறேன். நம் பிள்ளை அழுதானா? உடனே எழுது.

அர்த்தநாரி

ஆத்தூர்,
30-5-1962

அன்புள்ள மாமாவுக்கு,

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் வீறிட்டு அழுதான். தெருவே கூடிவிட்டது. நானும் சேர்ந்து அழுதேன், சந்தோஷத்தில். இப்போது ஓயாமல் அழுகிறான், நன்றாகப் பால் குடிக்கிறான்.

ஆனால் ‘செங்கோடா’ என்றால் மட்டும் சட்டென்று வாயை மூடிக்கொண்டு வாசலைப் பார்க்கிறான். நேற்று தோஷம் கழியட்டுமென்று அவனைக் குப்பையில் புரட்டியெடுத்து, குப்புசாமி என்று பெயர் மாற்றிவிட்டோம். உங்களைக் கேட்காததற்குக் கோபிக்க வேண்டாம்.

எங்களை அழைத்துப்போக வரும்போது, ஞாபகப்பிசகாக வாசலில் நின்று பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடாதீர்கள். சாத்தனூர் ஒன்றும் அதிக தூரமில்லை.

சௌந்திரம்